எண்ணெய் எங்கே பிரியணும், எங்கே பிரியக் கூடாது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மயோனைஸ், ஹம்மஸ் என்ற கொண்டைக்கடலை விழுது, தக்காளி சாஸ், பீனட் பட்டர் நான்கையும் வீட்டிலேயே செய்து பார்த்திருக்கிறீர்கள். மயோனைஸ் திரிந்துபோய் எண்ணெய் தனியாக நின்றது. ஹம்மஸ் நாக்கில் நறநறத்தது. சாஸ் பாட்டிலைக் கவிழ்த்தால் முதலில் தண்ணீர் வருகிறது, அப்புறம் சக்கை விழுகிறது. பீனட் பட்டர் நன்றாக வந்துகொண்டிருந்தபோது வெல்லம் போட்டதும் களிமண் மாதிரி இறுகிவிட்டது. கையில் இருப்பது ஒரு மிக்ஸி மட்டும். ஃபிரிஜ்ஜில் நேற்றுப் பிரிந்த மயோனைஸ் ஒரு கிண்ணம் இருக்கிறது, அதை என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நான்கும் நான்கு தப்பு என்று நினைத்து நான்கு வீடியோ பார்த்திருப்பீர்கள். என் கணக்கில் நான்கும் ஒரே தப்புதான். தண்ணீர் எவ்வளவு இருக்கிறது, எந்த நேரத்தில் சேர்ந்தது என்பதைக் கவனிக்கவில்லை.

இது நமக்குப் புதிய விஷயமே இல்லை. தக்காளித் தொக்கு கிளறும்போது "எண்ணெய் பிரிஞ்சு வர்ற வரைக்கும் வதக்கு" என்று அம்மா சொல்வார் இல்லையா, அதுதான். தொக்கு ஆரம்பிக்கும்போது ஊற்றிய எண்ணெய் கண்ணுக்குத் தெரியாது. விழுதில் இருக்கும் தண்ணீருக்குள் பொடித்துளிகளாகச் சிதறிக் கிடக்கும். தண்ணீர் வற்ற வற்ற, அந்தத் துளிகளை விலக்கி வைக்க நடுவில் ஒன்றும் இருக்காது. ஒன்றோடு ஒன்று சேர்ந்து சட்டியின் ஓரத்தில் சிவப்பாக ஒதுங்கும். பார்க்காமலே காதால் சொல்லிவிடலாம்: தண்ணீர் இருக்கும் வரை 'டொப் டொப்' என்று தெறிக்கும், தீர்ந்ததும் அந்தச் சத்தம் அடங்கி அப்பளம் பொரிகிற மாதிரி மெல்லிய சலசலப்பு வரும். எண்ணெய் பிரிந்தது என்றால் தண்ணீர் போய்விட்டது, இனி சீக்கிரம் கெடாது என்று பொருள்.

மயோனைஸ் திரிந்தபோது உங்கள் ஜாரில் நடந்ததும் இதேதான். துளிகளுக்கு நடுவே தண்ணீர் போதவில்லை, எண்ணெய் ஒன்றுகூடி வெளியே வந்துவிட்டது. தொக்கில் எதற்காகக் காத்திருக்கிறோமோ, மயோனைஸில் அது வந்தால் தலையில் கைவைக்கிறோம்.

நான் சென்னையில் ஒரு ஓட்டல் சமையலறையில் ஆறு வருடம் குளிர் பதார்த்தப் பிரிவில் இருந்தவன். சாலட், சாண்ட்விச், டிப் வகையறா எல்லாம் அங்கேதான் தயாராகும். சேர்ந்த இரண்டாவது வாரமே, மதிய பஃபேக்குப் பெரிய மிக்ஸரில் 5 லிட்டர் எண்ணெய்க்கு மயோனைஸ் அடிக்கச் சொன்னார்கள். முக்கால்வாசி எண்ணெய் போகும் வரை வெண்ணெய் மாதிரி இருந்தது. அப்புறம் ஒரு பத்து விநாடிக்குள், கண் முன்னாலேயே பளபளப்பு கூடி, ஓரத்தில் மஞ்சள் கோடு விட்டு, மொத்தமும் மோர்க்குழம்பு திரிந்த மாதிரி ஆகிவிட்டது. எண்ணெய் அதிகமாகிவிட்டது என்று நடுங்கிக்கொண்டு நின்றேன். சீஃப் வந்து எட்டிப் பார்த்தார். "எண்ணெய் ஜாஸ்தி இல்லடா தம்பி, தண்ணி கம்மி" என்றார். இன்னொரு பாத்திரத்தில் இரண்டு கரண்டி வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, மிக்ஸரை ஓடவிட்டு, திரிந்ததை நூல் மாதிரி ஊற்றச் சொன்னார். பத்தே நிமிடத்தில் பால் வெள்ளையாகத் திரும்பி வந்தது. ஒரு முட்டைகூடப் புதிதாக உடைக்கவில்லை. 5 லிட்டர் எண்ணெய்க் காசு என் சம்பளத்தில் பிடிபடாமல் தப்பியது அப்படித்தான்.

சரி, வீட்டு அளவுக்கு வருவோம். 1 மஞ்சள் கருவுக்கு 1 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு அல்லது வினிகர், 1 மேசைக்கரண்டி தண்ணீர், கால் தேக்கரண்டி கடுகுப்பொடி, கால் தேக்கரண்டி உப்பு, 125 முதல் 150 மில்லி எண்ணெய். பலர் எழுதும் குறிப்பில் தண்ணீரே இருக்காது. நான் எப்போதும் சேர்ப்பேன். மஞ்சள் கருவில் இருக்கும் லெசித்தின் எண்ணெய்த் துளியைச் சுற்றிப் போர்வை மாதிரி நிற்கும். அந்தப் போர்வை நீங்கள் ஊற்றும் எண்ணெய்க்குத் தாராளமாகப் போதும். முதலில் தீர்ந்துபோவது தண்ணீர்தான். கடுகுப்பொடி வாசனைக்கு மட்டும் இல்லை, அதுவும் எண்ணெயைப் பிடித்து வைக்கும். ஆவக்காய்க்கு அரைக்கிற மாதிரி பச்சைக் கடுகைப் பொடித்தால் போதும்.

மிக்ஸியில் செய்கிறவர்கள் சறுக்கும் இடம் இரண்டு. ஒன்று, அளவு குறைவாக இருந்தால் பிளேடு காற்றில் சுற்றும். அதனால் சின்ன சட்னி ஜாரை எடுத்துக்கொண்டு இரண்டு கருவாகச் செய்யுங்கள். இரண்டு, சூடு. மிக்ஸி இரண்டு நிமிடம் தொடர்ந்து ஓடினால் ஜாரின் அடி கையைச் சுடும். சூட்டில் எண்ணெய் இளகி, துளிகள் ஒட்டிக்கொள்ளும். முதல் ஐந்தாறு தடவை ஒரு தேக்கரண்டி எண்ணெய், ஐந்து விநாடி ஓட்டம், நிறுத்து. கெட்டிப்பட ஆரம்பித்த பிறகு மேசைக்கரண்டிக் கணக்கில் ஊற்றலாம். நடுவில் ஜாரின் அடியைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் அப்படியே பத்து நிமிடம் ஃபிரிஜ்ஜில் வைத்துவிட்டுத் தொடருங்கள். விழுது பளபளவென்று மின்ன ஆரம்பித்தால் அதுதான் எச்சரிக்கை. உடனே ஒரு தேக்கரண்டி தண்ணீர். எண்ணெய் எதுவென்றால், ரீஃபைண்டு சூரியகாந்தி எண்ணெய். செக்கு எண்ணெய் உடம்புக்கு நல்லது என்று நல்லெண்ணெயில் செய்தால் அது மயோனைஸாக இருக்காது, இட்லிப் பொடியைத் தேடச் சொல்லும். ஆலிவ் எண்ணெயைப் பிளேடில் அடித்தால் கசக்கும்.

முட்டையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாடு அரசு பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தயாரிக்கவும் விற்கவும் 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது. கேரளா 2023 ஜனவரியிலும், தெலங்கானா 2024 அக்டோபர் இறுதியிலும் இதே தடையைக் கொண்டுவந்தன. காரணம் சால்மோனெல்லா, ஈ. கோலி, லிஸ்டீரியா போன்ற கிருமிகள். அந்தத் தடைகள் கடைகளுக்குத்தான் போடப்பட்டன, உங்கள் வீட்டுக்கு இல்லை. ஆனால் கிருமிக்குக் கடை, வீடு என்ற பேதம் கிடையாது. நம் ஊர் வெயிலில், ஃபிரிஜ்ஜுக்கு வெளியே வைத்த முட்டையில், பச்சையாக நான் செய்ய மாட்டேன். வீட்டில் குழந்தையோ கர்ப்பிணியோ வயதானவரோ இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

அதற்கு வழி இருக்கிறது. மஞ்சள் கரு, எலுமிச்சைச் சாறு, தண்ணீர் மூன்றையும் ஒரு ஸ்டீல் கிண்ணத்தில் கலந்து, கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து விடாமல் கிளறுங்கள். 71 டிகிரி செல்சியஸ் வந்ததும் இறக்கிக் கிண்ணத்தைக் குளிர்ந்த தண்ணீரில் வையுங்கள். சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுவது நல்லது, இந்த ஒரு வேலைக்கே அதன் காசு தேறிவிடும். புளிப்பும் தண்ணீரும் சேர்ந்திருப்பதால் கரு அவ்வளவு சுலபமாகத் திரண்டுவிடாது, கரண்டியின் முதுகில் ஒட்டுகிற கஸ்டர்டு பதத்துக்கு வரும். ஆறிய பிறகு எண்ணெய் ஊற்றும் வேலை முன் சொன்னபடியே.

முட்டையே வேண்டாம் என்றால் பால் இருக்கிறது. போர்ச்சுகல்காரர்கள் இதைச் சாதாரணமாகச் செய்கிறார்கள். காய்ச்சி ஆறவைத்துக் குளிரூட்டிய பால் 100 மில்லி, எண்ணெய் 200 மில்லி, ஒரு பல் பூண்டு, உப்பு. ஹேண்ட் பிளெண்டர் இருந்தால் உயரமான டம்ளரில் எல்லாவற்றையும் ஊற்றி அடியில் பிளேடை அழுத்திப் பிடித்து ஓட்டினால் அரை நிமிடத்தில் வெள்ளையாகக் கெட்டிப்படும். மிக்ஸியில் என்றால் பாலை ஓடவிட்டு எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக. எலுமிச்சைச் சாறு கடைசியில்தான், முதலிலேயே ஊற்றினால் பால் திரிந்துவிடும். பாலும் வேண்டாம் என்பவர்களுக்குக் கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீர். ஜோயல் ரொசெல் என்ற பிரெஞ்சுக்காரர் 2014 வாக்கில் அது முட்டை வெள்ளைக்கரு மாதிரி நுரைக்கிறது என்று கண்டு எழுதினார். அந்தத் தண்ணீர் விரலில் கொழகொழவென்று ஒட்டும் அளவுக்கு வற்றியிருக்க வேண்டும். 3 மேசைக்கரண்டிக்கு 150 மில்லி எண்ணெய் தாங்கும். ருசி என்று பார்த்தால் என் ஓட்டு பாலுக்குத்தான்.

ஷவர்மாவோடு வைத்துக்கொள்ளத்தான் மயோனைஸ் செய்கிறீர்கள் என்றால், ஒரு வார்த்தை. லெபனானில் கோழி ஷவர்மாவுக்குத் தடவுவது மயோனைஸ் இல்லை, தூம். தூம் என்றால் அரபியில் பூண்டுதான். பூண்டு, உப்பு, எலுமிச்சை, எண்ணெய், அவ்வளவுதான், முட்டை கிடையாது. 130 கிராம் உரித்த பூண்டு, 2 தேக்கரண்டி உப்பு, 60 மில்லி எலுமிச்சைச் சாறு, 60 மில்லி ஐஸ் தண்ணீர், 600 முதல் 700 மில்லி எண்ணெய். மலைப்பூண்டாக வாங்கினால் உரிக்க வேலை குறைவு. பல்லை இரண்டாகப் பிளந்து நடுவில் இருக்கும் பச்சை முளையை எடுத்துவிடுங்கள், அது கசக்கும். பூண்டையும் உப்பையும் முதலில் துளிக்கூடத் திப்பி இல்லாமல் அரைக்க வேண்டும். அப்புறம் அரை டம்ளர் எண்ணெய் நூலாக, ஒரு கரண்டி சாறு, மறுபடி எண்ணெய், ஒரு கரண்டி ஐஸ் தண்ணீர் என்று மாற்றி மாற்றி. சாறும் தண்ணீரும் ஏன் தவணை முறையில் போகிறது என்பது இப்போது உங்களுக்கே தெரியும். பாதி அளவில் செய்யுங்கள், முழு அளவு ஒரு கல்யாண வீட்டுக்குக் காணும்.

ஹம்மஸுக்கு வருவோம். அரபியில் அந்தச் சொல்லுக்குக் கொண்டைக்கடலை என்றுதான் பொருள். இதற்காக லெபனானும் இஸ்ரேலும் போட்ட சண்டை வேடிக்கையானது. 2010 ஜனவரியில் இஸ்ரேலின் அபு கோஷ் ஊரில் 4,000 கிலோவுக்கு மேல் ஒரே தட்டில் செய்து கின்னஸ் சாதனை வாங்கினார்கள். மே மாதமே லெபனான்காரர்கள் 10,452 கிலோ செய்து முறியடித்தார்கள். லெபனானின் பரப்பளவு 10,452 சதுர கிலோமீட்டர், அந்தக் கணக்கில் கிண்டினார்களாம்!

உங்கள் ஹம்மஸ் நறநறத்ததற்குக் காரணம் மிக்ஸி இல்லை, கடலை வேகாததுதான். "வெந்துவிட்டது" என்று சுண்டலுக்கு இறக்குகிற பதம் இதற்குப் பத்தாது. இரண்டு விரலுக்கு நடுவே வைத்து அழுத்தினால் விபூதி மாதிரி மசிய வேண்டும். போர் தண்ணீரில் பருப்பு வேகாது என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தண்ணீரில் இருக்கும் கால்சியம் பருப்பின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டினை இறுக்கிவிடுகிறது. புளி ஊற்றிய பிறகு பருப்பு வேகாததும் அதே பெக்டின் புளிப்பில் கரையாததால்தான். ஆப்ப சோடா இதற்கு நேர் எதிராக வேலை செய்யும். 200 கிராம் வெள்ளைக் கொண்டைக்கடலையை அரைத் தேக்கரண்டி ஆப்ப சோடா போட்டு இரவு முழுதும் ஊறவைத்து, அலசி, கேன் தண்ணீரிலோ வடிகட்டிய தண்ணீரிலோ குக்கரில் வையுங்கள். விசில் கணக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் மாறும், நான் ஏழெட்டு விட்டு, சிறு தீயில் இன்னும் கால் மணி நேரம் வைப்பேன். தோலை ஒவ்வொன்றாக உரிக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். இப்படி வெந்தால் தேவையே இல்லை. வெந்ததைச் சூடாகவே அரைக்க வேண்டும், ஆறினால் மாவுச்சத்து இறுகிவிடும்.

இனி தஹினி, ஹம்மஸில் சேரும் எள் விழுது. கடையில் விலை கண்ணைக் கட்டும், வீட்டில் செய்ய ஒன்றுமே இல்லை. தோல் நீக்கிய வெள்ளை எள் 150 கிராம், சிறு தீயில் நிறம் மாறாமல் வாசனை வரும் வரை வறுத்து, ஆறவிட்டு, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயோடு விட்டு விட்டு அரைத்தால் வந்துவிடும். எள்ளுருண்டைக்கு வாங்கும் கருப்பு எள் இதற்கு ஆகாது, தோலோடு அரைத்தால் கசப்பு தங்கிவிடும்.

இப்போது ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். ஒரு கிண்ணத்தில் நாலு கரண்டி தஹினி எடுத்து, ஒரு கரண்டி தண்ணீர் விட்டுக் கலக்குங்கள். தண்ணீர் விட்டால் நீர்க்க வேண்டும்தானே? நீர்க்காது. கரண்டி நிற்கிற அளவுக்கு இறுகி, நிறம் மங்கி, திரித்திரியாகிவிடும். இங்கேதான் பலர் பயந்து எண்ணெய் ஊற்றுகிறார்கள். நிறுத்தாமல் இன்னும் ஒரு கரண்டி, இன்னும் ஒரு கரண்டி ஐஸ் தண்ணீர் விட்டுக் கலக்குங்கள். மூன்றாவது நான்காவது கரண்டியில் சட்டென்று இளகி, சந்தனம் போல வெளுத்து, கரண்டியிலிருந்து நாடாவாக வழியும். முதலில் எண்ணெய்க்குள் எள் துகள் மிதந்துகொண்டிருந்தது. கொஞ்சம் தண்ணீர் பட்டதும் துகள்கள் அதைக் குடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. தண்ணீர் போதுமான அளவு வந்ததும் நிலைமை தலைகீழாகி, தண்ணீருக்குள் எண்ணெய் துளித்துளியாகப் போய்விட்டது. இந்தத் தஹினியில் எலுமிச்சை, ஒரு பல் பூண்டு, உப்பு, கொஞ்சம் சீரகம் சேர்த்து, அரைத்த கடலையோடு கலந்தால் ஹம்மஸ். ஆலிவ் எண்ணெய் மேலே ஊற்றத்தான், உள்ளே வேண்டாம்.

உங்கள் பீனட் பட்டருக்கும் நடந்தது இதன் முதல் பாதி. வேர்க்கடலையில் பாதி எண்ணெய், தண்ணீர் இல்லவே இல்லை என்கிற அளவுக்குக் குறைவு. சிறு தீயில் பொறுமையாக வறுத்து, தோலை முறத்தில் தேய்த்துப் புடைத்து, அரைக்க ஆரம்பித்தால் முதலில் பொடி, அப்புறம் ஈரப்பொடி, அப்புறம் பிளேடில் உருண்டு திரளும். இந்த இடத்தில் "வரவில்லை" என்று எண்ணெயோ தண்ணீரோ ஊற்றாதீர்கள். மூடியைத் திறந்து ஐந்து நிமிடம் மோட்டாருக்கும் உங்களுக்கும் ஓய்வு கொடுத்து, வழித்துவிட்டு மறுபடி ஓட்டினால் தானாகத் தளர்ந்து வழியும். வெல்லத்தில் ஈரம் உண்டு, தேனிலும் உண்டு. அந்த ஈரம்தான் இறுக்கியது. இனிப்பு வேண்டும் என்றால் மிக்ஸியில் பொடித்த சர்க்கரை அல்லது பனங்கற்கண்டுப் பொடி. பூஞ்சை பிடித்த, சுருங்கிக் கறுத்த கடலையைப் பொறுக்கி எறிந்துவிட வேண்டும், அதில் இருக்கும் அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது.

இறுகியதைக் கொட்டிவிடவில்லையே? தஹினிக்குச் சொன்ன அதே வழிதான். வெந்நீர் விட்டு விட்டுக் கலக்கி இளக்கி, புளிக்கரைசல், பூண்டு, மிளகாய் விழுது, உப்பு சேர்த்து ஒரு கொதி விடுங்கள். மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் சாத்தே என்ற குச்சியில் சுட்ட கறிக்குத் தொட்டுக்கொள்கிற கடலைச் சாஸுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும், வெல்லமும் வீணாகாது. ஆனால் ஒன்று. தண்ணீர் படாத பீனட் பட்டர் அலமாரியிலேயே ஒரு மாதம் இருக்கும். தண்ணீர் சேர்ந்த இது ஃபிரிஜ்ஜில் மூன்று நாள்.

தக்காளி சாஸில் பிரச்சினை வேறு மாதிரி. தக்காளியில் 94, 95 சதவீதம் தண்ணீர். நம் நாட்டில் கெட்சப் என்று விற்க வேண்டுமானால் உப்பு நீங்கலாகக் கரைபொருள் குறைந்தது 25 சதவீதம் இருக்க வேண்டும் என்பது விதி. 1 கிலோ தக்காளியில் கரைபொருள் 50 கிராம்தான். 75 கிராம் சர்க்கரை சேர்த்தாலும் கடைசியில் 500 கிராம் சாஸுக்கு மேல் வராது. அதற்கு மேல் வந்தால் நீங்கள் தண்ணீரைப் பாட்டிலில் அடைக்கிறீர்கள்.

தண்ணீர் தனியாக வடிவதற்கு இன்னொரு காரணம் உண்டு, இதை யாரும் சொல்வதில்லை. தக்காளியைப் பச்சையாக மிக்ஸியில் அடித்துவிட்டு, வெங்காயம் நறுக்கி, போன் பேசி, அப்புறம் அடுப்பில் ஏற்றியிருப்பீர்கள். தக்காளியின் செல் உடைந்த நொடியிலிருந்து அதில் இருக்கும் நொதிகள் பெக்டினைத் துண்டாட ஆரம்பிக்கின்றன. ஜாம் இறுகுவதும் சாஸ் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பதும் அந்தப் பெக்டினால்தான். சூடு ஏறினால் நொதிகள் செத்துவிடும். அதனால் அகலமான கடாயை முதலில் காயவைத்து, தக்காளியை நாலாக வெட்டி வெட்டி நேராகச் சூட்டில் போடுங்கள். குழைந்த பிறகு அரைத்து வடிகட்டலாம். பெரிய ஆலைகளிலும் கெட்டியான சாஸுக்கு இப்படித்தான், வெட்டியவுடன் 90 டிகிரிக்குப் பக்கத்தில் சூடேற்றிவிடுவார்கள். நாட்டுத் தக்காளி ரசத்துக்கு நல்லது. சாஸுக்குச் சதைப்பற்றான பெங்களூர் தக்காளி வாங்குங்கள்.

கிராம்பு, பட்டை, மிளகைத் துணியில் முடிந்து போட்டு வற்றவிடுங்கள். மிளகாய்த்தூள், உப்பு நடுவில். சர்க்கரை பாதி வற்றிய பிறகு, இல்லையென்றால் அடிப்பிடிக்கும். 60 மில்லி வினிகர் இறக்கும் முன், முன்னாலேயே ஊற்றினால் ஆவியாகிவிடும். பதம் பார்க்க ஒரு சொட்டை ஸ்டீல் தட்டில் விட்டு அரை நிமிடம் பொறுங்கள். சொட்டைச் சுற்றி ஈர வளையம் தெரிந்தால் இன்னும் ஆகவில்லை. தட்டைச் சாய்த்தால் சொட்டு மொத்தமாக நகர வேண்டும், தண்ணீர் முந்திக்கொண்டு ஓடக் கூடாது. கெட்சப் என்ற பெயரே ஹொக்கியன் சீனர்கள் மீனை உப்பிட்டு எடுத்த சாற்றிலிருந்து வந்தது. தக்காளி அதில் நுழைந்தது ரொம்பப் பிந்தி, 1812-இல் ஃபிலடெல்ஃபியாவில் ஜேம்ஸ் மீஸ் அச்சிட்ட குறிப்புதான் தெரிந்தவரை முதல்.

ஷெஷ்வான் சாஸைத் தனியாகக் கேட்காதீர்கள். ஊறவைத்த காய்ந்த மிளகாயும் பூண்டும் எண்ணெயில் வதங்கிய தொக்குதான் அது, பாஸ்போர்ட் மட்டும் வேறு. தயிர் டிப் இன்னும் சுலபம். கெட்டித் தயிரைத் துணியில் கட்டி ஃபிரிஜ்ஜுக்குள்ளேயே இரவு முழுதும் தொங்கவிட்டு, வெள்ளரியைத் துருவி உப்பிட்டுப் பத்து நிமிடம் கழித்து ஒட்டப் பிழிந்து, பூண்டு, புதினாவோடு கலந்தால் கிரேக்கர்களின் ஸாட்சிகி. நம் வெள்ளரிப் பச்சடிக்கும் அதற்கும் நடுவில் இருப்பது ஒரு டம்ளர் தண்ணீர்தான்.

எத்தனை நாள் வைக்கலாம் என்பதற்கும் இதே அளவுகோல். தேங்காய்ச் சட்னி மதியம் ஊசிப்போகும், அதே தேங்காயை வறுத்துத் தண்ணீர் குறைத்து அரைத்த துவையல் ரயிலில் இரவு சாப்பாடு வரை தாங்கும், புளிக்காய்ச்சல் வாரக்கணக்கில் நிற்கும். புளிப்பும் உப்பும் கூடி, தண்ணீர் குறைந்தால் ஆயுள் நீளும். அந்தக் கணக்கில் ஹம்மஸ் ஃபிரிஜ்ஜில் நாலு நாள். வேகவைத்த கருவில் செய்த மயோனைஸ் நாலு நாள், பால் மயோனைஸ் மூன்று. கெட்சப் கொதிநீரில் பத்து நிமிடம் போட்டு உலர்த்திய பாட்டிலில், ஃபிரிஜ்ஜில், ஒரு மாதம். மயோனைஸை ஃபிரீசரில் வைக்காதீர்கள், தண்ணீர் ஐஸாகிப் பிரிந்தால் எண்ணெயும் பிரிந்துவிடும். ஊறுகாய் ஜாடியில் ஈரக் கரண்டி போட்டால் வீட்டில் என்ன நடக்குமோ, அதே கண்டிப்பு இவற்றுக்கும்.

ஒன்றில் மட்டும் அசட்டை கூடாது: பச்சைப் பூண்டை எண்ணெயில் ஊறப்போட்டு வெளியே வைப்பது. மேலே எண்ணெய் நின்றால் உள்ளே காற்று போகாது, பூண்டில் புளிப்பும் இல்லை, ஈரம் மட்டும் உண்டு. காற்றில்லாத இடத்தில் வளர்ந்து நஞ்சு கக்கும் போட்டுலிசம் கிருமிக்கு அதைவிடச் சௌகரியமான இடம் கிடையாது. வாசனையோ நிறமோ மாறாது. 1985-இல் கனடாவின் வான்கூவரில் ஒரு உணவகத்தில் இப்படி வைத்த பூண்டால் 36 பேர் படுத்தார்கள். 1989-இல் அமெரிக்காவில் பூண்டு எண்ணெய் விற்பவர்கள் புளிப்புச் சேர்த்தே ஆக வேண்டும் என்று உத்தரவு வந்தது. பூண்டு எண்ணெய் வேண்டுமென்றால் அன்றன்றைக்குச் செய்யுங்கள், மீந்தால் ஃபிரிஜ்ஜில் நாலு நாள், அதோடு சரி. தூமில் எலுமிச்சை இருப்பதால் கொஞ்சம் தெம்பு. ஆனாலும் என் வீட்டில் அது ஃபிரிஜ்ஜை விட்டு வெளியே தங்காது, ஒரு வாரத்தைத் தாண்டாது.

கடைசியாக அந்தக் கிண்ணம். செய்ததும் நேராக ஃபிரிஜ்ஜுக்குப் போயிருந்தால் மேலே சொன்ன மாதிரி ஒரு மேசைக்கரண்டி வெதுவெதுப்பான தண்ணீரை ஜாரில் விட்டு, திரிந்ததைத் தேக்கரண்டி தேக்கரண்டியாகச் சேர்த்து ஓட்டினால் திரும்பி வரும். ஆனால் அது பச்சை முட்டை. அதனால் அப்படியே தொட்டுச் சாப்பிட வேண்டாம். கோழித் துண்டுகளில் தயிருக்குப் பதிலாகப் புரட்டி, மிளகாய்த்தூள், மிளகுத்தூள், உப்பு போட்டு ஒரு மணி நேரம் ஊறவிட்டு, தோசைக்கல்லில் போட்டு உள்வரை நன்றாக வேகவிடுங்கள். இப்படிச் சமைப்பதானால் திரிந்ததை மறுபடி ஒன்றுசேர்க்க வேண்டிய அவசியம்கூட இல்லை, பிரிந்தது பிரிந்தபடியே போகட்டும். சமையல் மேடையிலேயே ராத்திரி கிடந்தது என்றால் மட்டும், யோசிக்காமல் கொட்டிவிட்டுக் கிண்ணத்தைக் கழுவி வையுங்கள்.